கால் மேல் கால் போட்ட கண்ணிகள்

பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் தொப்பியைத்தான் ஹாஜறா பார்ப்பாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் கைக்குழந்தையோடு ஒருத்தி வந்து உட்கார்ந்துவிட்டால் போதும். "மாஷா அல்லாஹ், எத்தின மாசம்?" என்று வாய் கேட்கும். பதில் வருவதற்குள் கை தொப்பியின் விளிம்பைப் பிடித்து உட்பக்கத்தைப் புரட்டியிருக்கும். மெஷினில் போட்ட தொப்பி என்றால் "ம்ம்" என்று விட்டுவிடுவாள். கையால் பின்னியது என்றால் தீர்ந்தது. யார் பின்னியது, ஊசியில் எத்தனை கண்ணி ஏற்றியது, உச்சியை எப்படி மூடியது என்று கல்முனையில் தொடங்கும் விசாரணை மருதமுனையில் இறங்கும் வரை நடக்கும். இந்த விசாரணையில் மூழ்கி இரண்டு தடவை இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் பெரியநீலாவணை வரை போய்த் திரும்பியிருக்கிறாள்.

வயது நாற்பத்துமூன்று. சுனாமி வீட்டுத்திட்டத்தில் மூன்றாம் வரிசையில் வீடு. எங்கே போனாலும் ஒரு துணிப்பை கூடவே போகும். அதற்குள் ஒரு பால்மா டின். டின்னின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அதன் வழியே கம்பளி நூலின் நுனியை வெளியே எடுத்து வைத்திருப்பாள். உருண்டை உள்ளேயே கிடந்து சுழலும். நிலத்தில் ஓடாது, மணல் ஒட்டாது, பூனை தூக்கிக்கொண்டு போகாது. உண்மையான பின்னல் ஊசிகள் அவளிடம் இரண்டு சோடிதான். மற்றவையெல்லாம் பழைய சைக்கிள் சில்லுக் கம்பிகள். ஒரு முனையைச் சீமெந்துத் தரையில் தேய்த்துக் கூராக்குவாள். மறுமுனையால் கண்ணிகள் நழுவி ஓடாமல் இருக்க, மெழுகை உருக்கி ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டுவாள்.

தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருக்க அவளால் முடியாது. சொல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. வெயிலுக்குக் கை வியர்த்து நூல் ஒட்டுகிறதா, பிள்ளைகளுக்குப் போடும் பவுடரை உள்ளங்கையில் தடவு. கடற்காற்றுக்குக் கம்பி துருப்பிடிக்கிறதா, எண்ணெய் வைத்த தலைமயிருக்குள் இரண்டு தரம் இழுத்து எடு. கண்ணி வழுகிக் கீழே ஓடுகிறதா, பதறாமல் தலைச்சீலையில் குத்தியிருக்கும் பின்னைக் கழற்றி அதைக் கொழுவி வை. யாராவது நூலை இறுக்கி இழுத்தால் மட்டும் அவளுக்குப் பொறுக்காது. "மெல்லப் புடி புள்ள. அதென்ன ஒனக்கு மாமிட கழுத்தா?" என்பாள்.

எத்தனை வரிசை முடிந்தது என்பதற்குக் கணக்கு, நோன்புக் காலத்தில் சேர்த்து வைத்த பேரீச்சம் கொட்டைகள். ஒரு வரிசை முடிந்தால் ஒரு கொட்டை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்குப் போகும். அடுத்த வீட்டு நதீரா ஒரு நாள், தஸ்பீஹ் மணியை வைத்து எண்ணினால் சுகமாக இருக்குமே என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள். "அல்லாஹ்ட பேர எண்ணுற மணியில தொப்பிட வரிசைய எண்ணுறயா? அதுக்கு இந்தக் கொட்டயே காணும்" என்று வந்த பதிலில் நதீரா பிறகு ஒரு கிழமைக்கு அந்தப் பக்கமே வரவில்லை.

கணவன் மீராசா நெசவாளி. சாரன் நெய்கிறவர், வாயிலும் நல்ல ஓட்டம். வைகாசி வெயிலில் மனைவி கம்பளி நூலோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவரால் சும்மா போக முடியாது. "எண்ட பொஞ்சாதி குளிருற நுவரெலியாவில வளவு வாங்கப் போறாவாம், அதுக்கு உடுப்புத் தைக்கிறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஆனால் அவளுக்குச் சைக்கிள் கம்பி தேடிக் கொண்டுவந்து கொடுப்பதும் அவர்தான்.

இந்தக் கம்பளி வந்த வழியைச் சொல்ல வேண்டும். சுனாமி முடிந்து ஏழாம் கிழமை, பள்ளிக்கூட முகாமுக்கு நிவாரணப் பெட்டிகள் வந்தன. பால்மா இருக்கும், பெட்சீட் இருக்கும் என்று பெண்கள் முண்டியடித்துத் திறந்த ஒரு பெட்டியில் முழுவதும் கம்பளி நூல் உருண்டைகள், இரண்டு சோடி ஊசிகள், படம் போட்ட ஓர் ஆங்கிலப் புத்தகம். எந்தக் குளிர் தேசத்தில் இருந்த எந்தப் புண்ணியவதி அனுப்பினாளோ! கண் கூசும் அந்த வெயிலில், வியர்த்து வழிய நின்றுகொண்டு, முகாம் பெண்கள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்கள்.

ஹாஜறா சிரிக்கவில்லை. அவளுடைய தங்கை லைலா கடலோடு போயிருந்தாள். வீட்டோடு தறி இரண்டும் போயிருந்தன. ஒன்பது வயதிலிருந்து வாப்பாவின் தறிகளுக்கு ராட்டினத்தில் நூல் சுற்றிக் கொடுத்த கை அவளுடையது. முகாமில் அந்தக் கைக்கு வேலை இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதும், வரிசையில் நிற்கும்போதும் வலது கை தன்பாட்டில் காற்றில் சுழலும். பார்க்கிறவர்கள் பயந்தார்கள். அவளுக்கும் பயமாக இருந்தது. அநாதையாகக் கிடந்த அந்தப் பெட்டியை அவள் தன் பாய்க்குப் பக்கத்தில் இழுத்து வைத்தாள். ஆங்கிலம் தெரியாது. படங்களைப் பார்த்தாள். சில பக்கங்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒட்டியதை விட்டுவிட்டு மிச்சத்தைப் பார்த்துப் பார்த்துப் பின்னினாள், அவிழ்த்தாள், பின்னினாள். இருபத்திரண்டு நாளில் ஒரு தொப்பி முடிந்தது. கை நின்றது.

"ஒருத்தரும் சொல்லித் தரல்ல. நானாப் படிச்சது." ஹாஜறா இதைச் சொல்லும்போது அவளுடைய முதுகு நிமிர்வதைக் கவனிக்கலாம். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த வருடத்திலிருந்து எழுந்து வந்தாள்.

வீட்டுத்திட்டத்துக்கு வந்த பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் பாலர் பாடசாலையில் கூட்டம். நாலு வயதுப் பிள்ளைகளின் சிவப்பும் மஞ்சளுமான குட்டிக் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட ஏழு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பிளாஸ்கில் தேத்தண்ணி, தட்டில் பணியாரம், நடுவில் ஹாஜறா. யாருக்காவது கை ஓடாவிட்டால் அவள் பின்னால் போய் நின்று, அவர்களுடைய வலது கையைத் தன் கைக்குள் பிடித்து நூலைச் சுற்றிக் காட்டுவாள். சொந்தத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் இங்கிருந்துதான் தொப்பி போகும். தொப்பி கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறது என்று யாராவது சொன்னால், "புள்ள வளந்திட்டு" என்று முடித்துவிடுவாள்.

இந்த வருடம் மே மாதம் யுத்தம் முடிந்தது என்று ரேடியோ சொன்னது. பாண்டிருப்பு மருதமுனையிலிருந்து நடந்து போகும் தூரம்தான். பாண்டிருப்பில் இருப்பவர்கள் தமிழர், மருதமுனையில் இருப்பவர்கள் முஸ்லிம்கள். நடந்து போகும் தூரத்தை இரண்டு பக்கமும் பல வருடங்களாக நடக்காமல் வைத்திருந்தார்கள். யார்மேல் பிழை என்று கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கதை இருக்கும். ஆவணி மாதத்தில் ஒரு நாள், கல்முனை பஸ்ஸில், ஹாஜறாவின் கை வழக்கம்போல ஒரு பிள்ளையின் தொப்பியைப் புரட்டியது. கையால் பின்னிய தொப்பி.

"யாரு போட்ட இது?"

"நான்தான் அக்கா" என்றாள் பிள்ளையை வைத்திருந்தவள். நெற்றியில் திருநீறு, மடியில் தங்கையின் பிள்ளை. பெயர் செல்லத்தங்கம், பாண்டிருப்பு. சிறு வயதில் கன்னியாஸ்திரிகளிடம் இரண்டு வருடம் பின்னல் பழகியவள்.

ஹாஜறா விளிம்பை இழுத்துப் பார்த்தாள். அது ரப்பரைப் போல நீண்டு திரும்பியது. "வேல நல்லம். ஆனா கண்ணி தொளதொளண்டு இரிக்கி புள்ள. சனிக்கிழம எங்கட இடத்துக்கு வா. சரியான முறையில நான் சொல்லித் தாறன்."

செல்லத்தங்கம் வந்தாள். வரும்போது தானே பின்னிய ஒரு வெள்ளைத் தொப்பியையும் கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்கான குவியலில் வைத்தாள். அப்போதுதான் ஒரு புது வேலை வந்திருந்தது. வீட்டுத்திட்டத்தில் இருக்கும் நர்ஸ் மர்ஷூதா, மாதம் நிறையாமல் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தலையில் சூடு நிற்க வேண்டும், எங்கள் வெயிலிலும் அவற்றுக்குக் குளிரும், இருபத்துநாலு தொப்பி தருவீர்களா என்று கேட்டிருந்தாள். ஹாஜறாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. மீராசாவின் நுவரெலியாக் கதைக்குச் சரியான பதில் கிடைத்துவிட்டது. அன்றே செல்லத்தங்கத்தின் பின்னால் போய் நின்று, அவளுடைய கையைப் பிடித்து, நூலைச் சுற்றும் முறையைத் திருத்தினாள். செல்லத்தங்கம் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஹாஜறா காட்டியபடியே பின்னினாள். அடுத்தடுத்த நாலு சனிக்கிழமையும் அப்படியே பின்னினாள்.

ஐந்தாம் கிழமை, ஒரு புதன்கிழமை, மர்ஷூதா பையோடு வந்தாள். கொடுத்திருந்த இருபத்துநாலில் இருபத்துமூன்று தொப்பி திரும்பி வந்திருந்தது.

"கோவிக்காதீங்க ராத்தா. இதுகள் இழுபடுதில்ல. அளவு சின்னனெண்டா நெத்தியில செவப்பாக் கோடு விழுது, பெரிசெண்டா கழண்டு விழுது. இந்த ஒண்டுதான் எந்தத் தலைக்கும் நிக்கிது." அவள் வெள்ளைத் தொப்பியை மாதிரிக்கென்று தனியாக எடுத்து வைத்தாள். "எல்லாத்தையும் இதப் போல போட்டுத் தாங்க. நேத்து ரெட்டப் புள்ளைகள் பொறந்திரிக்கி. ஒண்டும் ஒண்டரக் கிலோ இல்ல. சீலைத் துண்டால சுத்தி வெச்சிரிக்கம்."

வெள்ளைத் தொப்பி யாருடையது என்று ஹாஜறாவுக்கு உடனே தெரிந்தது. மர்ஷூதாவுக்குத் தெரியாது. "பாப்பம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் காலை மீராசா தறிக்குப் போனதும், தன் தொப்பி ஒன்றையும் அந்த வெள்ளைத் தொப்பியையும் எடுத்துக்கொண்டு ஜன்னலடியில் உட்கார்ந்தாள். நூல் ஒரே தடிப்பு. ஊசி ஒரே அளவு. கண்ணிகள் இரண்டிலும் எழுபத்திரண்டு. இரண்டையும் நன்றாக விரித்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள். செல்லத்தங்கத்தின் கண்ணிகள் ஒவ்வொன்றும் காலை அகட்டி நின்றன. அவளுடையவை ஒவ்வொன்றும் கால் மேல் கால் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, தொப்பி முழுவதும் அப்படித்தான்.

ஊசியை எடுத்து, தன் கையைத் தானே பார்த்தபடி மெதுவாக ஒரு கண்ணி போட்டாள். நூல் ஊசியின் மேலால் போய்க் கீழால் இறங்கியது. கீழால் வந்து மேலே ஏறினால் என்ன? அப்படி ஒரு வரிசை போட்டுப் பார்த்தாள். கை ஒத்துழைக்கவில்லை, வரிசை கோணல்மாணலாக வந்தது. அடுத்த வரிசையில் கண்ணிகள் கால் அகட்டி நின்றன. விளிம்பு இழுபட்டது. பழைய புத்தகத்தைத் தேடி எடுத்து, ஒட்டிக் கிடந்த பக்கங்களை ஈரத் துணியை வைத்துப் பிரித்தாள். பிரித்த இரண்டாவது பக்கத்தில் ஊசியும் நூலும் வரைந்த படம் இருந்தது. நூலுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி கீழிருந்து மேலே வளைந்து போனது. முகாமில் அந்தப் பக்கத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்காத இடத்தைக் கை தனக்குத் தெரிந்தபடி நிரப்பிக்கொண்டது. முப்பது வருடம் ராட்டினத்தில் நூல் ஏறிய பக்கமாகவே ஊசியிலும் ஏற்றிவிட்டது.

வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. நாலு வருடமாக ஏழு பேரின் கையைப் பிடித்துப் பிழையைப் பழக்கியிருக்கிறாள். அதைவிட, சரியாகப் பின்னிக்கொண்டிருந்த ஒருத்தியின் கையையும் பிடித்துத் திருப்பியிருக்கிறாள். தப்புவதற்கு ஒரு வழி இல்லாமல் இல்லை. கண்ணியை எண்பதாகக் கூட்டி, விளிம்பில் ஒரு நாடா கோத்துக் கட்டுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் போட வேண்டும் என்று சொன்னால் நம்பிவிடுவார்கள். ஹாஜறா ராத்தா சொன்னால் யார் மறுத்துக் கேட்பார்கள்? அதை எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் ஒரு தரம் சொல்லியும் பார்த்தாள். நன்றாகவே வந்தது.

பகல் சாப்பாட்டுக்கு வந்த மீராசாவிடம் கேட்டாள். "பிழையா நெய்ஞ்ச சாரன என்ன செய்வீங்க?"

"நான் உடுத்துவன்" என்றார் அவர், சோற்றைப் பிசைந்தபடி. "மத்தவனுக்குக் குடுக்கப்படா."

சனிக்கிழமை அவள் எல்லோருக்கும் முன்னால் போய், இருபத்துமூன்று தொப்பிகளையும் மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எட்டுப் பேரும் குட்டிக் கதிரைகளில் வந்து அமர்ந்தார்கள். செல்லத்தங்கம் வழக்கம்போலக் கதவோரத்தில்.

"இண்டைக்கு ஒருத்தரும் ஊசி எடுக்க வேணாம்" என்று ஹாஜறா தொடங்கினாள். குரல் எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக வந்தது. "தொப்பியெல்லாம் திரும்பி வந்திட்டு. இத்தின வருசமா நான் உங்களுக்குக் காட்டித் தந்தது பிழை. நூல மறுபக்கத்தால சுத்தோணும்."

நதீராதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"பிழையெண்டா, எல்லாமா ராத்தா?"

"எல்லாம்தான்."

"அப்ப எண்ட மகன் ஒரு வருசமாத் தொப்பியப் புடுங்கிப் புடுங்கி எறிஞ்சது இதுக்குத்தானா? நான் அவன்ட வாப்பாட கொணம் எண்டெல்லோ நெனச்ச!"

சிரிப்பு அறையைத் தூக்கிக்கொண்டு போனது. குட்டிக் கதிரை ஒன்று சாய்ந்து ஒருத்தி நிலத்தில் உட்கார்ந்தாள். ஹாஜறாவுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் நீரும் வந்தது. தலைச்சீலையின் ஓரத்தால் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினாள். செல்லத்தங்கம் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒனக்குத் தெரியும்தானே தங்கம்?"

"ஓம் அக்கா."

"என்னத்துக்கு சொல்லாம இருந்த?"

செல்லத்தங்கம் விரலைப் பார்த்துக்கொண்டு கதைத்தாள். "எப்பிடியக்கா சொல்ற? இத்தின வருசத்துக்குப் பிறகு கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி தந்து, கையப் புடிச்சிக் காட்டுறீங்க. வந்த அண்டைக்கே பிழையெண்டு சொன்னா, பாண்டிருப்பால வந்தவள் நமக்குப் படிப்பிக்க வந்திட்டாள் எண்டு நினைப்பீங்களோ எண்டு பயம். திரும்பக் கூப்பிடாம விட்டிருவீங்க எண்டும் பயம்."

ஹாஜறா மேசையிலிருந்த தொப்பிகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"நெனச்சிருப்பன்தான்" என்றாள். "பொய் சொல்லப்படா. அண்டைக்கு நெனச்சிருப்பன். இப்ப நெனக்கல்ல. அங்க ரெட்டப் புள்ளைகள் சீலைத் துண்டோட கிடக்கு. வா, வந்து காட்டு."

செல்லத்தங்கம் தயங்கி எழுந்தாள். நதீரா தன் கதிரையை இழுத்து வழி விட்டாள். பணியாரத் தட்டு ஒரு பக்கம் நகர்ந்தது. நடுவில் இருந்த மஞ்சள் கதிரையைச் செல்லத்தங்கத்துக்குக் காட்டிவிட்டு, ஹாஜறா எதிரே போய் உட்கார்ந்து ஊசிகளைப் பிடித்தாள். மற்றவர்களும் பிடித்தார்கள்.

"ஊசிய உள்ளுக்கு விடுங்க. இப்ப நூல் கீழால வரோணும். கீழால. அப்பிடித்தான். ஆ, திரும்பவும் மேலால போயிட்டு அக்கா."

"போயிட்டு" என்று ஒப்புக்கொண்டு அவிழ்த்தாள். இரண்டாம் தரமும் போனது. மூன்றாம் தரம் பாதி வழியில் பிடித்துவிட்டாள். அதற்குள் நதீரா அரை வரிசை முடித்துவிட்டு எட்டிப் பார்த்தாள். நாலாம் தரம், கண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நூல் பழையபடி மேலால் ஏறியது.

ஹாஜறா ஊசிகளை மடியில் வைத்தாள். இடது கையை ஓங்கி, வலது கையின் முதுகில் பட்டென்று ஓர் அடி போட்டுவிட்டு, மறுபடியும் ஊசிகளை எடுத்தாள்.